கையை விட்டாலும் வழி தவறாத படகு: தனியாளாகப் பாய் விரிக்க ஓர் எளிய அறிமுகம்

தனியாளாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போவது பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகள் உடனே வந்துவிடும். அதற்கு அசாத்தியமான உடல் வலு வேண்டும் என்பது ஒன்று. படகு எவ்வளவு சிறியதோ அவ்வளவு எளிது என்பது மற்றொன்று. பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966-67இல் தனியாக உலகைச் சுற்றியபோது அவருக்கு 65 வயது ஆகிக்கொண்டிருந்தது. அவருடைய படகின் நீளம் 53 அடி. 2012 நவம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு, எந்தக் கரையிலும் நிற்காமல் உலகைச் சுற்றி, 2013 மார்ச் கடைசியில் திரும்பிய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'மாதேயி' 56 அடிப் படகு. மறுபுறம், காற்று சற்று ஏறிய ஒரு பிற்பகலில் 14 அடிப் படகைத் தனியாகச் சமாளிக்க முடியாமல் தண்ணீரில் விழுந்தவர்களைப் பாய்மரப் பயிற்சி நடக்கும் எந்தக் கரையிலும் பார்க்கலாம்.

வலுவும் அளவும் விடை இல்லையென்றால் வேறு எது? பாய்மரப் படகில் எந்நேரமும் இரண்டு வேலைகள் உண்டு. சுக்கானைப் பிடித்துத் திசை காப்பது ஒன்று; பாயை ஏற்றுவது, இறக்குவது, நங்கூரம் எடுப்பது, வரைபடம் பார்ப்பது, தேநீர் போடுவது என்று மிச்சமுள்ள அத்தனையும் இன்னொன்று. இருவர் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் என்றால் இரண்டாவது வேலைக்காக முதல் வேலையை விட்டாக வேண்டும். ஆகவே தனியாள் படகைப் பற்றிக் கேட்க வேண்டியது இதுதான்: சுக்கானை விட்டால் படகு எவ்வளவு நேரம் தன் போக்கில் ஒழுங்காகப் போகும், அந்த நேரத்துக்குள் கையிலுள்ள வேலை முடியுமா? படகின் உடல், பாய், கயிறு, கருவி எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

முதலில், பாய் எப்படி வேலை செய்கிறது

காற்று பின்னாலிருந்து தள்ளுவதால்தான் படகு நகர்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பின்காற்றில் அது சரி. ஆனால் பக்கவாட்டுக் காற்றிலும், ஓரளவு எதிர்க்காற்றிலும்கூடப் படகு முன்னேறுகிறதே, அது எப்படி? ஈர சோப்பை இரு விரல்களுக்கு இடையில் அழுத்திப் பாருங்கள். விரல்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. சோப்போ முன்னால் வழுக்கிப் பாய்கிறது. படகில் ஒரு விரல் பாயில் படும் காற்று. இன்னொரு விரல், படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பாரமான தகடு. கலத்தின் அடி நீளத்துக்கும் ஓடும் கட்டையை நம் கடற்கரைகளில் ஏரா என்பார்கள்; அந்தப் பெயரையே இங்கும் வைத்துக்கொள்வோம். படகு பக்கவாட்டில் சறுக்காமல் ஏரா தடுப்பதால் மிஞ்சும் விசை படகை முன்னால் செலுத்துகிறது. காற்று வரும் திசைக்கு நேர் எதிரே, இரு புறமும் சுமார் 45 பாகைக்குள் மட்டும் பெரும்பாலான படகுகள் போக முடியாது. அங்கே போக வேண்டுமென்றால் வலமும் இடமுமாக மடிந்து மடிந்துதான் போக வேண்டும்.

இரண்டு கயிறுகளின் பெயரையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். ஏற்றிய பாயை இழுத்தோ தளர்த்தியோ அதன் கோணத்தை மாற்றும் கயிறு தாமான். இவை தோணிக்காரர்களின் பழைய சொற்கள். இன்றைய செயற்கை இழைக் கயிற்றுக்கும் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன.

பட்டத்தின் சூத்திரமும் படகின் சமநிலையும்

பட்டம் விட்டவர்களுக்குச் சூத்திரம் கட்டுவதன் அருமை தெரியும். யாழ்ப்பாணத்தார் அதை முச்சை என்பார்கள். முடிச்சு அரை விரற்கடை மேலே போனாலும் கீழே வந்தாலும் பட்டம் குத்துக்கரணம் போடும். இடம் சரியாக அமைந்துவிட்டால் நூலைக் கல்லில் கட்டிவிட்டுப் போனாலும் அது வானத்தில் அசையாமல் நிற்கும்.

படகிலும் அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பாய்கள் அனைத்தின் மீதும் படும் காற்றின் விசையை ஒரே புள்ளியில் குவிந்ததாகக் கொள்ளலாம். அதைப் பாயின் மையம் என்போம். தண்ணீருக்கு அடியிலுள்ள உடலும் ஏராவும் பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கும் விசையையும் அவ்வாறே ஒரு புள்ளியில் குவிக்கலாம். அது நீரின் மையம். சுவரில் ஒரே ஆணியில் தொங்கும் பலகையை ஆணிக்கு வலப்புறம் தட்டினால் ஒரு பக்கமும், இடப்புறம் தட்டினால் மறுபக்கமும் சுழலும் அல்லவா? ஆணி நீரின் மையம். தட்டும் கை பாயின் மையம். பாயின் மையம் பின்னால் தள்ளியிருந்தால் படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றை நோக்கித் திரும்பும். முன்னால் இருந்தால் காற்றை விட்டு விலகி ஓடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் படகு நேரே போகும்.

தனியாளுக்கு வேண்டியது, சுக்கானை விட்டதும் மெல்லக் காற்றை நோக்கித் திரும்பும் படகு. அவர் வழுக்கி விழுந்தாலும் படகு காற்றுக்கு முகம் காட்டிப் பாய் படபடக்க வேகம் குறைந்துவிடும். எதிர்க்குணமுள்ள படகோ வேகம் எடுத்துக்கொண்டே காற்றை விட்டு விலகி ஓடி, பாய் மறுபக்கம் அறைந்து, விபத்தில் போய் முடியலாம். ஆனால் அந்தத் திரும்பும் குணம் அளவு மீறினால் சுக்கானோடு நாள் முழுக்க மல்லுக்கட்ட வேண்டிவரும். படகு அதிகமாகச் சாயும்போது இந்தக் குணமும் கூடும் என்பதால், சுக்கான் கையில் கனக்கத் தொடங்கினால் பாய் அதிகமாகிவிட்டது என்று பொருள் கொள்ளலாம்.

சமநிலை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதற்கு ஜோஷுவா ஸ்லோகமைக் காட்டலாம். 1895 முதல் 1898 வரை உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் அவர். ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள தேர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவுகள்வரை சுமார் 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்தபோது, சுக்கானருகே தான் இருந்தது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது என்று அவர் எழுதியிருக்கிறார். படகைத் தானாக ஓட்டும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டார், அவ்வளவுதான். அவருடைய 'ஸ்ப்ரே' தட்டையும் அகலமுமான, சிப்பி அள்ளும் பழைய படகு. அழகுப் போட்டியில் கடைசியாக வரக்கூடியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: பாயும் ஏராவும் சேர்ந்து படகைச் செலுத்துகின்றன, அவற்றின் மையங்கள் பொருந்தி நிற்கும் படகைச் சிறிது நேரம் தனியே விடலாம்.

எத்தனை அடி?

சின்னப் படகே சுலபம் என்பதில் உள்ள பிழை இங்கேதான் வெளிப்படுகிறது. 14 அடிப் பயிற்சிப் படகில் பாரமான ஏரா கிடையாது; ஓட்டுபவரின் உடலே எதிர்பாரம். காற்று ஏறினால் விளிம்பில் அமர்ந்து வெளியே சாய வேண்டும், குறைந்தால் உள்ளே வர வேண்டும். அவர் எழுந்து முன்னால் போனால் துலாக்கோலின் ஒரு தட்டிலிருந்து படிக்கல்லை எடுத்ததுபோல் ஆகிவிடும். இத்தகைய படகு பாய்மரக் கலையைக் கற்றுக்கொள்ள மிக நல்லது. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க ஒருபோதும் ஆகாது. எதிர்பாரத்தை ஏராவிலேயே ஈயமாகவோ இரும்பாகவோ சுமக்கும் படகுகள் பெரும்பாலும் 20 அடிக்கு மேல்தான் தொடங்குகின்றன.

மேல் எல்லையைத் தீர்மானிப்பது கணக்கு. ஒரே வடிவத்தில் படகின் நீளம் இரட்டித்தால் பாயின் பரப்பு நான்கு மடங்கும் எடை எட்டு மடங்கும் ஆகும். காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 10 நாட் காற்று 20 நாட் ஆனால் பாயில் படும் விசை நான்கு மடங்கு. நாட் என்பது கடல்வேக அளவு, மணிக்கு 1.85 கிலோமீட்டர். கிணற்று உருளைபோல் இழுவையை எளிதாக்கும் வின்ச் என்ற திருகு உருளை உதவும்தான். ஆனால் வின்ச்சில் விசையைச் சேமித்தால் நேரத்தில் கொடுக்க வேண்டும். தனியாளிடம் இல்லாத பொருளே நேரம்தான். சிச்செஸ்டர் தன் 'ஜிப்சி மாத் 4' படகு மீது கடைசிவரை குறைபட்டுக்கொண்டார். தனக்கு அது பெரிது, எளிதில் சாய்கிறது, திசை காப்பதில்லை என்பவை அவருடைய புகார்கள். 60 அடிப் பந்தயப் படகுகளைத் தனியாகச் செலுத்துபவர்கள் இன்று இருக்கிறார்கள். அவர்கள் தொழில்முறை வீரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு பட்டறையே இயங்குகிறது.

புதியவருக்கு 24 முதல் 32 அடிக்குள் போதும் என்பது என் எண்ணம். அந்த அளவில் பாயையும் நங்கூரத்தையும் ஒருவரே தூக்க முடியும். துறைமுகத்தில் படகு எதிலாவது மோதப் போனால் காலால் உதைத்து நிறுத்தவும் முடியும்.

நீண்ட ஏராவா, குட்டை ஏராவா என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. படகின் அடி நீளத்துக்கும் ஓடும் ஏரா, தண்டவாளத்தில் ஏறிய வண்டிபோலத் திசை காக்கும். திருப்புவதற்கும் துறைமுகத்தில் பின்னோக்கிச் செலுத்துவதற்கும் பெரும்பாடு. நடுவில் மட்டும் துடுப்புபோல் இறங்கும் ஏரா வேகமானது, சட்டென்று திரும்பும், கையை எடுத்தால் சீக்கிரம் அலையும். தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் 2018இல் மீண்டும் தொடங்கியபோது 32 முதல் 36 அடி வரையான, நீண்ட ஏராவுள்ள பழைய பாணிப் படகுகளை மட்டுமே அனுமதித்தது. 2022இல் புறப்பட்ட அதன் அடுத்த பந்தயத்தில் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் முதலிடம் பெற, அபிலாஷ் டோமி 'பயனாத்' என்ற 36 அடிப் படகில் இரண்டாவதாக வந்தார். வார இறுதிகளில் விரிகுடாவுக்குள் சுற்றிவருபவருக்கு அந்தப் படகுகள் தேவைக்கு மிஞ்சிய கனம்.

பாய்களை எப்படிப் பிரிப்பது

ஒரு மூட்டை அரிசியை ஒரே தூக்கில் தூக்குவதா, மூன்று பைகளாகப் பிரித்துத் தூக்குவதா என்ற கேள்விதான் பாய் அமைப்பின் அடிப்படை. ஒரே பாய்மரத்தில் முன்னால் ஒரு பாய், பின்னால் ஒரு பெரிய பாய் என்றால் அது ஸ்லூப். கயிறுகள் குறைவு, இன்று விற்பனைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இவைதான். முன்பாயை இரண்டாகப் பிரித்தால் கட்டர். காற்று முற்றினால் வெளிப்பாயைச் சுருட்டிவிட்டு உள்ளிருக்கும் சிறு பாயோடு ஓடலாம். பின்னால் இன்னொரு குட்டைப் பாய்மரம் வைத்தால் கெட்ச். இதில் பெரிய பாயை அடியோடு இறக்கிவிட்டாலும் முன்னும் பின்னும் உள்ள சிறு பாய்கள் சமநிலையைக் கெடுக்காமல் நிறுத்தும்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுகைலி' இத்தகைய கெட்ச். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு அது. 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்டு 312 நாளில், எங்கும் நிற்காமல் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் படகாகத் திரும்பியது. வழியில், ஆஸ்திரேலியாவை ஒட்டிய கடலில், அதன் தானியங்கிச் சுக்கான் கருவி ஒரேயடியாக உடைந்துபோனது. மீதிப் பயணம் முழுவதும் பாய்களைக் கூட்டியும் குறைத்தும் படகைத் தானாகவே ஓட விட்டார். பட்டத்தின் சூத்திரம் இங்கே உயிர்காத்தது.

சீனப் பாய் தனியான வகை. மூங்கில் தட்டிபோல் குறுக்குச் சட்டங்கள் கோத்த பாய் அது. ஆஞ்சானைத் தளர்த்தினால் ஒவ்வொரு மடிப்பாகத் தானே கீழே வந்து அமரும். 1960இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லர் 25 அடி 'ஜெஸ்டர்' படகில் இதைக் கட்டிக்கொண்டு இரண்டாவதாக வந்தார். எதிர்க்காற்றில் மற்றவற்றைவிடச் சற்று மந்தம் என்ற குறை இதற்கு உண்டு. சோம்பலுக்கு இதைவிடச் சிறந்த பாய் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பேன். கடலில் தனியாக இருப்பவருக்குச் சோம்பல் ஒரு நற்குணம்.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய படகு வாங்குபவர்கள் பத்தாண்டு கடந்த கம்பிகளை மாற்றிவிடுவதே வழக்கம். 2018 பந்தயத்தில் தெற்கு இந்தியப் பெருங்கடலின் புயலில் அபிலாஷ் டோமியின் 'துரியா' பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டுக் கிடந்தவரைப் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் மூன்றாம் நாள் மீட்டது. அப்படிப்பட்ட புயலுக்கு எந்தக் கம்பியும் உத்தரவாதம் தராது. ஆனால் சாதாரணக் காற்றில் முறியும் பாய்மரங்களுக்குப் பெரும்பாலும் பழங்கம்பிதான் காரணம்.

பாயைக் குறைக்கும் மூன்று நிமிடம்

காற்று ஏறும்போது பாயின் அடிப்பகுதியை மடித்துப் பரப்பைக் குறைப்பதற்கு ரீஃப் எடுத்தல் என்று பெயர். ஒரு படகு தனியாளுக்கு ஏற்றதா என்பதை இந்த ஒரு வேலையை வைத்தே சொல்லிவிடலாம். பெரிய பாயின் அடியில் படுக்கைவாட்டில் நிற்கும் மரம் பூம். முதலில் தாமானைத் தளர்த்தினால் பாய் காற்றை இழந்து படபடக்கும். பூம் தலையில் விழாமல் அதன் பின்முனையை மேலிருந்து ஒரு கயிறு தாங்க வேண்டும். ஆஞ்சானை அளவாக இறக்கி, பாயின் முன்விளிம்பிலுள்ள வளையத்தைப் பாய்மரத்தடிக் கொக்கியில் மாட்டி, ஆஞ்சானை மறுபடி இறுக்க வேண்டும். பின்விளிம்பிலுள்ள ரீஃப் கயிற்றை, பாயின் புதிய மூலை பூமில் வந்து படியும்வரை இழுக்க வேண்டும். பிறகு தாமானை இழுத்தால் சிறுத்த பாயோடு படகு நிமிரும். பழகிய கைக்கு மூன்று நிமிடம்.

நான் முதலில் பழகிய 26 அடிப் படகில் ஆஞ்சான் பாய்மரத்தடியிலும், ரீஃப் கயிறு பின்னால் ஓட்டுபவர் அமரும் பள்ளத்திலும் முடிந்திருந்தன. ஒரு ரீஃபுக்கு ஈரத் தளத்தில் நான்கு முறை முன்னும் பின்னும் தவழ்ந்தேன். இரண்டாம் முறை போனபோதே படகு திரும்பிவிட்டது. அன்றிலிருந்து என் கொள்கை இதுதான்: எல்லாக் கயிறும் பின்னால் வரட்டும், அல்லது எல்லாம் பாய்மரத்தடியிலேயே இருக்கட்டும். பாதிப் பாதி என்பது இரண்டின் குறைகளையும் சேர்த்துத் தரும். கயிறுகளைப் பின்னால் கொண்டுவந்தால் ஒவ்வொரு உருளையிலும் உராய்வு கூடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆஞ்சான் எந்த இடம்வரை இறங்க வேண்டும் என்பதற்குக் கயிற்றிலேயே சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தைத்துவிட்டால் இருட்டில் மேலே அண்ணாந்து பார்க்கும் வேலை மிச்சம்.

முன்பாயைச் சுருட்டும் உருளை, இறங்கும் பாயைப் பூமின்மேல் தொட்டில்போல் ஏந்தும் பக்கக் கயிறுகள் ஆகிய இரண்டும் செலவுக்குத் தகுந்தவை. சக்கரச் சுக்கானைவிடக் கைப்பிடித் தண்டு உள்ள சுக்கான் தனியாளுக்கு ஏற்றது. கயிறு இழுக்கும்போது அதை முழங்காலால் பிடித்துக்கொள்ளலாம்.

சம்பளமில்லாத மாலுமி

சமநிலை நிமிடங்களைத் தரும். மணிக்கணக்கில் வேண்டுமென்றால் கருவி தேவை. மின்சார ஆட்டோபைலட் திசைகாட்டியைப் பார்த்து ஓட்டும். காற்றுத்தகடு என்ற கருவி காற்றைப் பார்த்து ஓட்டும். படகின் பின்முனையில் ஒரு மெல்லிய தகடு காற்றுக்கு நேராக நிறுத்தப்பட்டிருக்கும். படகு வழி விலகினால் காற்று தகட்டின் பக்கத்தில் பட்டு அதைச் சாய்க்கும். அந்தச் சிறு அசைவு, தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பைத் திருகும். திருகிய துடுப்பை ஓடும் தண்ணீர் பலமாக ஒரு பக்கம் தள்ள, அதில் கட்டிய கயிறு சுக்கானை இழுத்துப் படகைத் திருத்தும். கட்டளை காற்றுடையது, வலு தண்ணீருடையது, மின்கலம் வேண்டியதில்லை. காற்று திசை மாறினால் படகும் சொல்லாமல் திசை மாறிவிடும் என்பதும், மென்மையான பின்காற்றில் தகடு தூங்கிவிடும் என்பதும் இதன் குறைகள். அட்லாண்டிக்கைக் கடந்த 48 நாளில் ஹாஸ்லர் சுக்கானைக் கையால் பிடித்தது ஒரு மணி நேரம்தான் என்பார்கள். இந்தக் கருவியின் முன்னோடிகளில் அவர் ஒருவர். சமநிலை இல்லாத படகில் எந்தக் கருவியும் திணறும் என்பதால் முந்தைய பகுதிகளுக்கு இது மாற்றாகாது.

கருவி நன்றாக வேலை செய்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. படகு 5 நாட் வேகத்தில் ஓடினால் நொடிக்கு இரண்டரை மீட்டர். விழுந்தவர் மூச்சு வாங்குவதற்குள் 25 மீட்டர் போயிருக்கும், திரும்பியும் வராது. ஆகவே முன்முனையிலிருந்து பின்முனைவரை தளத்தில் ஒரு நாடாவை இழுத்துக் கட்டி, உடம்பிலுள்ள கச்சையை அதில் கொளுவிக்கொண்டே நடமாட வேண்டும். கொளுவும் கயிறு, விளிம்பைத் தாண்டி விழ முடியாத அளவுக்குக் குட்டையாக இருப்பது உத்தமம்.

முன்பாயை வேண்டுமென்றே தவறான பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயைத் தளர்த்தி, படகைக் காற்றை நோக்கித் திருப்பும்படி சுக்கானையும் கட்டிவிட்டால், முன்பாய் விலக்க, சுக்கான் திருப்ப, படகு நடுக்கடலிலேயே ஏறக்குறைய நின்றுவிடும். சோறு பொங்கவும், ரீஃப் எடுக்கவும், அழவும்கூட இது நல்ல ஏற்பாடு. உங்கள் படகு இப்படி நிற்குமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

துறைமுகத்தில்

தனியாளுக்குப் பெருங்கடலைவிடக் கடைசி இருபது மீட்டர்தான் கடினம். கடலில் நேரம் இருக்கிறது, துறைமுகத்தில் இல்லை. படகின் நடுவிலிருந்து ஒரே ஒரு கயிற்றை எடுத்து, மேடையில் பின்பக்கமாக உள்ள முளையில் போட்டு, இயந்திரத்தை முன்னோக்கி மெல்ல ஓடவிட்டுச் சுக்கானை மேடைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்தால் படகு மேடையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை ஆற அமரக் கட்டலாம். மேடையில் உரசாமல் காக்கும் மெத்துருளைகள் பக்கமெங்கும் தொங்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும் முன் விற்பவரோடு 15 நாட் காற்றுள்ள ஒரு நாளில் வெளியே போங்கள். அவரைக் கைகட்டி ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். பாயை ஏற்றுங்கள், ரீஃப் எடுங்கள், படகை நிறுத்தி வையுங்கள், சுக்கானை விட்டு எண்ணுங்கள், பிறகு கரைக்குக் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் அவர் தன்னையறியாமல் எழுந்து வந்து ஒரு கயிற்றைப் பிடிக்கிறாரோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது அங்கிருந்து தொடங்கலாம்.